அடுப்பு எரியாத மாதத்தில் பாகு வாசனை

முதலில் அந்த வாசனையைச் சொல்லிவிட வேண்டும். கரும்புச் சாறு கொதித்து, நுரை பொங்கி, நுரை அடங்கி, பாகு பொன் நிறத்திலிருந்து செம்மைக்குத் திரும்புகிற ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் கொப்பரையிலிருந்து எழுமே, அது. இனிப்பு என்று மட்டும் சொன்னால் போதாது. இனிப்பின் விளிம்பில் ஒரு கருகல், எப்போது எல்லை தாண்டுமோ என்கிற மாதிரி.

சித்தூர் பக்கம், பங்காருபாளையத்தைத் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவே என் தங்கையின் வீடு. வீட்டுக்குப் பின்னால் வெல்லக் கொட்டகை. அடுத்தவர் கரும்பை வெட்டிக்கொண்டிருந்த குடும்பம், இப்போது குத்தகைக்கு ஒரு கொப்பரை வைத்திருக்கிறது. தை மாசி முழுக்க அடுப்பு அணையாது. துவைத்த துணியில், தலைமுடியில், குடிக்கிற தண்ணீரில் கூடப் பாகு வாசனை. நான் திருப்பதியில் வாடகை வீட்டில் இருப்பவள். அங்கே போய்த் திரும்பினால் என் கைப்பையே ஒரு வாரம் இனிக்கும்.

தங்கையின் வீட்டுக்காரர் எங்களுக்குப் புதியவர் இல்லை. எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்கும் மாமா, அவளுக்கும் மாமா, அப்புறம் அவளுக்கு மட்டும் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். உரிமை இருக்கிற இடத்தில் பெண்ணைக் கொடுப்பது. யாரும் இரண்டாவது முறை யோசிப்பதில்லை.

முதல் குழந்தை ஓர் ஐப்பசியில் பிறந்து, தீபாவளி வருவதற்குள் போய்விட்டது. நன்றாகத்தான் பிறந்தது. பால் குடித்தது. பிறகு தூங்க ஆரம்பித்தது. தூக்கம் என்றுதான் நினைத்தோம். காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை. ஏதோ கிருமி என்றார்கள். அதற்கு மேல் கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. எங்கள் அம்மா அப்போதே இல்லை. அதனால் தையில் வந்த இரண்டாவது பிரசவத்துக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பெண் குழந்தை. சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றித் துடைத்து மாமாவிடம் நீட்டினேன். கொட்டகையிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டையில் பாகு தெறித்துக் காய்ந்து கிடந்தது. குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மே இது, வெல்லக்காரன் புள்ள பொறக்கும்போதே பாகு காச்சிகினு வந்துகீதே!"

"உன் சட்டைய மோந்துகினு புள்ளய சொல்லாத மாமா" என்றேன்.

"இல்லம்மே, நெசமாத்தான். பாப்பா இல்ல இது, பெல்லம்!"

வெல்லத்துக்குத் தெலுங்கில் பெல்லம். அன்று முழுக்க அதுதான் கூப்பிடும் பெயர். பெல்லத்துக்குப் பால் கொடு, பெல்லம் மூத்திரம் போயிடுச்சு. துணியை அலசும்போது எனக்கும் அந்த வாசனை வந்தது. வரத்தானே செய்யும், எட்டிப் பார்த்தால் கொப்பரை. போதாததற்கு நானே தங்கைக்கு தினமும் வெந்தயக் களி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பால் ஊற. வெந்தயமும் உடம்பில் இதே போல ஓர் இனிப்பை விடும். ஆக வாசனைக்கு எங்களிடம் ஒன்றுக்கு இரண்டு காரணம் இருந்தது. காரணம் கையில் இருக்கும்போது யார் தேடுவார்கள்?

பிறகு குழந்தை தூங்க ஆரம்பித்தது.

முலையை வாயில் வைத்தால் இரண்டு இழுப்பு, அப்புறம் உதடு தளர்ந்துவிடும். உள்ளங்காலைச் சுண்டினால் முனகல். சற்று நேரத்தில் உடம்பு விறைத்து முதுகு வளைந்தது, பிறகு துணி போலத் துவண்டது. நடுவில் கையும் காலும் மெதுவாக, காற்றில், சைக்கிள் மிதிப்பது போல. தங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"யக்கா, அதுவும் இப்டித்தான் மிதிச்சுது."

சித்தூருக்கு ஓடினோம். அங்கே சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றி, ஆம்புலன்சில் போட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். சந்திரகிரி தாண்டும்போது திருமலை வெயிலில் செக்கச் செவேலென்று நின்றது. எத்தனை முறை பார்த்த மலை. அன்று அதன் பக்கம் திரும்பி எதையும் கேட்கக் கூடத் தோன்றவில்லை. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதற்கும் இடமில்லாமல் இருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகளின் வார்டு. கண்ணாடிப் பெட்டிகள், பச்சை எண்கள், விட்டு விட்டுக் கூவும் மெஷின்கள். எல்லாவற்றுக்கும் நடுவே கைக்குள் அடங்குகிற உடம்புகள். டாக்டரம்மா என் வயதுக்காரர். தெலுங்குக்காரர், தமிழ் பேசுவார், ஆனால் அவசரம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். குழந்தையைத் திருப்பினார், தட்டினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். கிருமிக்கு மருந்தும் போடச் சொன்னார். எல்லாம் வேகமாக நடந்தது.

பிறகு அவர் செய்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அத்தனை மெஷின்களுக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து, குழந்தையின் காதுக்குப் பின்னால் மூக்கை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக முகர்ந்தார். பூக்காரியிடம் பூ வாங்குகிற பெண் முகர்கிற மாதிரி. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். மறுபடி நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

"மீரு ஏம் சேஸ்தாரு? என்ன வேல பண்றீங்க?"

"வெல்லம் காச்சறேங்க மேடம்."

"அய்யோ ராமா. மொதல்ல நீங்க வெளிய போங்க. குளிச்சி வேற சட்ட போட்டுகிட்டு வாங்க. இந்த ரூம் மொத்தம் உங்க வாசனதான்."

மாமா கூனிக் குறுகிப் போனார். என் வீட்டுக்காரரின் சட்டை ஒன்று என் பையில் கிடந்தது. அதைக் கொடுத்தேன். அவருக்குத் தோளில் தொங்கியது. ஆஸ்பத்திரிக் குளியலறையில் ஒரு சோப்பை முழுசாகத் தேய்த்துத் தீர்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல வந்து கதவோரம் நின்றார். அதற்குள் நர்சம்மா குழந்தையைத் துடைத்து, துணி மாற்றி, ஆஸ்பத்திரித் துணியிலேயே சுற்றியிருந்தார். டாக்டரம்மா அந்தத் துணியின் ஈரத்தை முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார்.

பாகு. அதே பாகு. கொட்டகை எங்கோ கிடக்கிறது, சட்டை வெளியே மூட்டையில் கிடக்கிறது, வாசனை மட்டும் கூடவே வந்திருக்கிறது.

"அம்மாக்கு மெந்துலு குடுத்தீங்களா? வெந்தயம்?"

"நான்தான் மேடம், டெய்லி களி."

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. வெந்தயத்தாலும் இப்படி வரும் என்றார். வெந்தயம்தான் என்று விட்டுவிடவும் கூடாது, வாசனையை மட்டும் நம்பி முடிவு கட்டவும் கூடாது என்றார். பிறகு, "மேனரிகமா?" சொந்தத்தில் கட்டினதா என்று கேட்கிறார். "அவுனு மேடம், சொந்தத் தாய்மாமா" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு மிக மெதுவாகக் கேட்டார்.

"மொதல் பாப்பா... அதுக்கும் இந்த வாசன இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் கூட இல்லை. மாமா தரையைப் பார்த்தார். "எங்க ஊட்ல எல்லாமே அந்த வாசனதான் மேடம். நான் இன்னானு சொல்றது?"

சக்கர நாற்காலியில், பச்சை உடம்போடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தங்கை பேசினாள். குரல் எங்கிருந்தோ வந்தது.

"இருந்துச்சு. ஆனா அப்போ அடுப்பு எரியல."

எல்லோரும் திரும்பினோம்.

"ஐப்பசி மழ. கொட்டாய் ஒழுகிகினு இருந்துச்சு. கொப்பரய கவுத்து வெச்சிருந்தீங்க மாமா. ரெண்டு மாசமா பாகே இல்ல ஊட்ல. எனக்கு அப்போ ஒரே வாந்தி, களியும் இறங்கல, வெறும் ரசம்தான் துன்னுகினு இருந்தேன். ஆனா புள்ள மணந்துச்சு. நான் கடைசியா தூக்கும்போது கூட மணந்துச்சு. சாமி வாசன, போவப் போவுதேனு சாமி வந்து நிக்குதுனு நெனச்சிகினேன்."

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார், ஒரு மூச்சு நேரம். பிறகு நர்சம்மாவைப் பார்த்து, "பால் ஆப்பு. சுக்கா கூட வத்து" என்றார். பாலை நிறுத்து, ஒரு சொட்டுக் கூட வேண்டாம் என்கிறார்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே சின்னதாக ஒரு சோதனைக்கூடம். நான் கதவருகே நின்றிருந்ததால் உள்ளே பார்த்துவிட்டேன். கண்ணாடிக் குழாயில் மஞ்சளாகத் தெளிந்த ஒரு திரவம், மாலை வெயிலை வடித்து வைத்தது போல. அதில் குழந்தையின் சிறுநீரைச் சில சொட்டு விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு புகை. திரவத்தின் நடுவில் ஒரு மேகம் கூடியது. மேகம் இறங்கியது, பரவியது, அந்தப் பக்கம் தெரிந்த ஜன்னல் மறைந்துபோயிற்று. மஞ்சள் மேகம். நாங்கள் கூடிச் சிரித்துப் பெயர் வைத்த வாசனை, ஒரு விரல் அகலக் கண்ணாடியில், கண்ணுக்கு முன்னால் உருவெடுத்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம்தான். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் பொய்.

குதிகாலைக் குத்தி எடுத்த ரத்தத்தைத் தடித்த வெள்ளைத் தாளில் பொட்டுப் பொட்டாக வைத்துக் காயவிட்டார்கள். பெரிய ஊர் லேபுக்குப் போகுமாம். ஒரு பொட்டிலிருந்து உடம்புக்குள் ஓடுகிற எத்தனையோ சத்துகளைத் தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பார்களாம். பதில் வரச் சில நாள் ஆகும். "அது வர்ற வரைக்கும் நாம உக்காந்துட்டு இருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. "மூள அதுக்குள்ள மூழ்கிடும்." வயிற்றில் மெல்லிய குழாய் செருகி, உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றை உள்ளே விட்டு, காத்திருந்து, வெளியே வடித்தார்கள். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. உடம்பை உள்ளிருந்து அலசுவது. நரம்பில் சர்க்கரை ஓடியது.

என்ன நோய் என்று அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரி எழுதுகிறேன். பாலில் இருக்கிற புரதத்தை உடம்பு துண்டு துண்டாக உடைக்கும். அதில் மூன்று துண்டுகளை மேற்கொண்டு உடைக்கிற கருவி இந்தக் குழந்தையிடம் பிறவியிலேயே இல்லை. உடையாதது சேரும். சேர்ந்தது மூளைக்கு விஷம். வாசனை அதன் ஆவி.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தவர் சடாரென்று தலையை நிமிர்த்தினார். "அப்போ மேடம், சாறு வந்துகினே கீது, தீ எரிஞ்சிகினே கீது, பாக எறக்க மட்டும் ஆளு இல்ல. அப்டியா?"

"அதேதான். கரெக்டு."

"கருகிடுமே மேடம்."

"அதான் சாற நிறுத்திட்டோம்."

அவர் வெளியே போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

தங்கையால் தாங்க முடியாதது வேறு. தூங்கித் தூங்கி விழுந்த முதல் குழந்தைக்கு, கன்னத்தைத் தட்டி எழுப்பி, எழுப்பி, பால் கொடுத்தவள் அவள். தெம்பு வரட்டும் என்று. "என் பாலா யக்கா?" என்றாள். ஒரே கேள்வி. உலகத்தில் எந்தத் தாயும் செய்வதைத்தான் நீயும் செய்தாய் என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. பீய்ச்சித்தான் ஆக வேண்டும். ஆனால் வாஷ்பேசினில் ஊற்ற விடவில்லை. கால் படாத இடத்தில், வேரில்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எவர்சில்வர் தம்ளரை மூடி எடுத்துக்கொண்டு நான் படியிறங்குவேன். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு புங்க மரம், அடியில் பைக்குகள். இரண்டு பைக்குக்கு நடுவே குந்தி உட்கார்ந்து ஊற்றுவேன். வெள்ளை மண்ணில் இறங்கி மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு குழந்தைக்கு அமுதம், இன்னொன்றுக்கு நஞ்சு, மரத்துக்கு வெறும் ஈரம். அதே வெள்ளை. செக்யூரிட்டிக்காரர் ஒரு நாள் கேட்டார், "ஏம்மா, தெனம் மரத்துக்குப் பால் ஊத்துறீங்க, வேண்டுதலா?" ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மரத்தடியில் எனக்கு இன்னொன்று உறைத்தது. இந்தக் கோளாறு அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வந்து சேர வேண்டும் என்றார் டாக்டரம்மா. பாதி மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, நன்றாக வாழ்ந்துவிட்டுப் போவார். அப்படியானால் அது எங்கள் அம்மாவின் வீட்டில் யாரோ ஒருவரிடம் இருந்திருக்கிறது. யாரோ கரும்பு வெட்டிய ஒருத்தி, யாரோ ஏர் பிடித்த ஒருவன். பசியிலும் வெயிலிலும் சத்தமே இல்லாமல் உடம்பிலிருந்து உடம்புக்கு நடந்து வந்திருக்கிறது. உரிமை விட்டுப்போகக் கூடாது என்று நாங்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தோம். ஒரு முடிச்சில் இரண்டு பாதியும் சந்தித்துக்கொண்டன. அந்தப் பாதி எனக்குள்ளும் இருக்கலாம். தம்ளரைப் பிடித்திருந்த என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளையல், நரம்பு, தோல். ஒன்றும் தெரியவில்லை. இத்தனை காலம் என்னோடு பேருந்தில் ஏறி, வேலைக்குப் போய், சோறு தின்று, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஒன்று. எவ்வளவு பழைய கூட்டம் நான் என்று முதல்முறையாகத் தோன்றியது.

பெரிய ஊரிலிருந்து பதில் வந்தது. டாக்டரம்மா நினைத்ததேதான். ஆனால் பதிலுக்கு முன்பே குழந்தை பதில் சொல்லிவிட்டாள். ஒரு காலையில், குழாயில் இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போது, கண்ணைத் திறந்து, முகத்தைச் சுருக்கி, கத்தினாள். வார்டே திரும்பிப் பார்க்கிற கத்தல். பக்கத்துப் பெட்டிக் குழந்தைக்கும் அழுகை தொற்றிக்கொண்டது. நர்சம்மா, "ஒச்சேசிந்தி! வந்துட்டா உங்க ரவுடி" என்று சிரித்தார். தங்கை கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தியபடி நின்றாள். துணியை மாற்றியபோது நான் முகர்ந்தேன். வெறும் மூத்திரம். சாதாரண, நாற்றமடிக்கிற, அழகான மூத்திரம்.

அதன் பிறகுதான் எனக்கு மிகப் பெரிய வியப்பு காத்திருந்தது. அந்த மூன்று துண்டுகள் இல்லாத மருந்து மாவைக் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாள் டாக்டரம்மா தங்கையைக் கூப்பிட்டு, "இனிமே உங்க பால் கொஞ்சம் குடுக்கலாம்" என்றார். தங்கை பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"வேணா மேடம். வேணவே வேணா."

"வேணும்மா. அந்த மூணும் ரொம்ப இருந்தாத்தான் விஷம். சுத்தமா இல்லன்னா வளர்ச்சி இல்ல. பாப்பாக்கு அது வேணும். அளந்து, கொஞ்சம்."

சிரிஞ்சில் அளந்தார்கள். குழந்தைக்குப் புகட்டுகிற ஒரு சங்கடையைக் கூட நிரப்பாத பால். தங்கை சிரிஞ்சைக் குழந்தையின் வாயோரம் வைத்தாள். குழந்தையின் நாக்கு வெளியே வந்து முதல் துளியை வாங்கிக்கொண்டது. மாமா என் காதருகே, "கொல்றதும் அதுதான், வளக்கறதும் அதுதானா" என்றார். கேள்வியா வியப்பா என்று தெரியாத குரல். அன்று தம்ளரில் கொஞ்சம் குறைவாகவே இருந்தது புங்க மரத்துக்கு.

இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. நடக்கிறாள், விழுகிறாள், கோழியைத் துரத்துகிறாள். பருப்பு கிடையாது, முட்டை கிடையாது, பால் அளந்துதான். அந்த வீட்டில் இப்போது குழந்தைக்குச் சாம்பிராணி போடுவதில்லை. பவுடர் இல்லை, மல்லிகை கூட இல்லை. அவள் மேல் வேறு எந்த வாசனையும் ஏறக் கூடாது. ஏறினால் அந்த வாசனை வந்தால் தெரியாமல் போகும். மாமா கொட்டகையிலிருந்து நேராக வீட்டுக்குள் வருவதில்லை. பம்புசெட்டில் குளித்து, கொட்டகைக்கென்று வைத்த சட்டையை வேலியில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் பெண்ணைத் தொடுவார். பெல்லம் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

போன மாசியில் அவளுக்குச் சளி, காய்ச்சல். காய்ச்சல் வந்தால் உடம்பு தன்னையே உடைத்துத் தின்னும், அப்போது அந்த மூன்றும் ஏறிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தங்கை உடனே பாலை நிறுத்தி, சொல்லியிருந்தபடி சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே, காரில் திருப்பதிக்குப் புறப்பட்டுவிட்டாள். வழியிலிருந்து எனக்குப் போன். அவளுக்கே சளி பிடித்துக் குரல் கம்மியிருந்தது.

"யக்கா, எனக்கு மூக்கு அடச்சிகிச்சி. ஒண்ணும் தெரியல. இவருக்குக் கொப்பர கிட்ட நின்னு நின்னு மூக்கு செத்தே பூடுச்சு. நீ ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்துடு. நீதான் மோந்து பாக்கணும்."

ஆஸ்பத்திரி கேட்டில் நின்றேன். அன்று காலை தலையில் வைத்த பூவை எடுத்துக் குப்பையில் போட்டேன். கைக்குட்டையால் முகத்துப் பவுடரைத் துடைத்தேன். கார் வந்து நின்றது. தங்கை கதவைத் திறந்து, குழந்தையை என் பக்கம் நீட்டினாள். மாமா அந்தப் பக்கம் இறங்கி, சுத்தமான வெள்ளைச் சட்டையில், கிட்டே வராமல், காருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

காதுக்குப் பின்னால் மூக்கை வைத்தேன். டாக்டரம்மா செய்தது போல, கண்ணை மூடி. வண்டிகளின் புகை. யாரோ வாங்கிப் போகிற காபி. அதற்கும் கீழே போனேன். சூடான தோல். வேர்வை. மூக்குச் சளியின் உப்பு. இன்னும் கீழே. தேடினேன், இல்லாததைத் தேடுவது எவ்வளவு நீளமான வேலை. குழந்தை என் மூக்கைப் பிடித்து முறுக்கினாள்.

"இன்னாக்கா?" என்றாள் தங்கை.

தலையை ஆட்டினேன். இல்லை.

"நல்லா பாரும்மே" என்றார் மாமா, காருக்குப் பின்னாலிருந்து. "லேசா கூட இல்லியா?"

"இல்ல மாமா. புள்ள வாசனதான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் உள்ளே போனோம், டாக்டரம்மாவும் ஒரு முறை குனிந்து முகர, ரத்தச் சோதனையும் ஒரு முறை பேச.